அரிசி ஆலைப் பெட்டிக்கு எந்த ‘ஓ’? ஓஎஸ், ஓ2, எல்டிஓ: ஓர் ஒப்பீடு

புதுவயல் அரிசி ஆலை ஒன்றுக்கு இரண்டு கன்ட்ரோலர் பெட்டிகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் பெட்டி டிரையருக்கு. அவித்த நெல் காயும்போது ஆறு இடங்களில் வெப்பநிலை பார்த்து, அளவு மீறினால் மணி அடிக்க வேண்டும். அதில் இருப்பது ஏடிமெகா328பி: 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ராம், 16 மெகாஹெர்ட்ஸ். சென்சார்கள் டிஎஸ்18பி20. இரண்டாவது பெட்டி மோட்டாருக்கு. மூன்று ஃபேஸின் வோல்டேஜும் கரண்டும் அளந்து, ஆர்எஸ்-485 கம்பியில் எனர்ஜி மீட்டரோடு மோட்பஸ் நெறிமுறையில் பேச வேண்டும். அதில் எஸ்டிஎம்32எஃப்103சி8: 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ராம், 72 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஜிசிசி கம்பைலர், ஒரு மேக்ஃபைல், ஒரு டெர்மினல். ஐடிஇ கிடையாது.

எந்த ஆப்டிமைசேஷன் நிலையில், அதாவது ஜிசிசிக்கு எந்த ‘ஓ’ சுவிட்ச் கொடுத்து, பில்ட் செய்வது? எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் ஓஎஸ் (-Os, கோடின் அளவைக் குறைக்கும் நிலை), கூடவே பயன்படாத ஃபங்ஷன்களை லிங்கர் கழித்துவிடும் ஏற்பாடு. அளந்து பார்த்து நேரம் போதவில்லை என்று தெரிந்த கோப்புக்கு மட்டும் ஓ2 (-O2, வேகத்தைக் கூட்டும் நிலை). ஃபிளாஷ் உண்மையிலேயே நிரம்பினால்தான் எல்டிஓ (லிங்க் நேர ஆப்டிமைசேஷன்). முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே நிலை. மேஜையில் ஓ0 (ஆப்டிமைசேஷனே இல்லாத நிலை), ஆலையில் ஓஎஸ் என்ற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதுதான் இனி.

ஓ0: டீபக்குக்கு வசதி, சில்லுக்கு ஒவ்வாது

எந்த ஓ-வும் கொடுக்காவிட்டால் ஜிசிசி எடுத்துக்கொள்வது ஓ0. ஒவ்வொரு மாறியையும் ஸ்டாக்கில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் எடுத்து, மாற்றி, திரும்ப வைக்கும். டீபக்கரில் வரிவரியாகப் போக இதைவிட வசதி இல்லை. கணினி நிரலுக்கு இது வேகக் குறைவு மட்டும்தான். ஏடிமெகா328பி போன்ற ஏவிஆர் சில்லிலோ நிரலே தப்பாக ஓடும்.

டிஎஸ்18பி20 படிக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பிட் படிக்க, கம்பியைக் கீழே இழுத்த கணத்திலிருந்து 15 மைக்ரோ விநாடிக்குள் மாதிரி எடுத்தாக வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் அது 240 கிளாக் சுழற்சிகள். ஏவிஆர் லிப்சி என்ற சி நூலகத்தின் மைக்ரோ விநாடி டிலே ஃபங்ஷன், கம்பைல் ஆகும்போதே கணக்கு முடிந்து ஒரு சின்ன லூப்பாக மாறிவிடும் என்று நம்பி எழுதப்பட்டது. ஓ0-வில் அந்தக் கணக்கு ஓடும் நேரத்தில், ஃப்ளோட் நூலகத்தை வைத்து நடக்கும். 240 சுழற்சிகள் அதிலேயே கரைந்துவிடும். மாதிரி எடுப்பதற்குள் சென்சார் கம்பியை விட்டிருக்கும், எல்லா பிட்டும் ஒன்றாக வரும், திரையில் −0.0625 டிகிரி நிற்கும். (85 டிகிரியிலேயே நின்றால் அது வேறு கோளாறு: 12 பிட் அளவுக்குத் தேவையான 750 மில்லி விநாடி முடியுமுன் படித்துவிட்டீர்கள்.) ஆப்டிமைசேஷன் இல்லாமல் இந்த டிலே சரியாக ஓடாது என்று கம்பைலரே எச்சரிக்கை போடுகிறது. பில்ட் ஓடும் வேகத்தில் அந்த வரி மேலே ஓடிவிடும், யாரும் பார்ப்பதில்லை. எச்சரிக்கைகளை எரராக மாற்றும் சுவிட்சைப் போட்டு வைத்தால் அங்கேயே நிற்கும்.

கரன்ட் போனாலும் அழியாத நினைவகமான இஇப்ராமும் அப்படித்தான். ஏடிமெகா328பி-யில் எழுத அனுமதி பிட்டைப் போட்ட நாலு சுழற்சிக்குள் எழுதும் பிட்டைப் போட வேண்டும். ரிஜிஸ்டரை நேரடியாகத் தொட்டு சி-யில் எழுதியிருந்தால், ஓ0 உருவாக்கும் நீண்ட வரிசை அந்த நாலு சுழற்சியைத் தாண்டிவிடும். ஓஎஸ்-இல் அது ஒற்றைக் கட்டளை. ஓ0-வில் டிரையரின் வெப்ப வரம்பைச் சேமித்த மாதிரி இருக்கும், கரன்ட் போய் வந்தால் பழைய எண்ணே நிற்கும்.

டீபக் செய்ய வேண்டும் என்றால் ஓஜி இருக்கிறது. டீபக்கைக் கெடுக்காத ஆப்டிமைசேஷன்களை மட்டும் செய்யும். அதுவும் ஒரு பிழையைத் துரத்தும் நேரத்துக்கு மட்டும் போதும். டீபக் தகவலைச் சேர்க்கும் ஜி சுவிட்சை ஓஎஸ்-உடன் எப்போதும் சேர்த்தே வையுங்கள். அந்தத் தகவல் லிங்கர் கொடுக்கும் எல்ஃப் கோப்பில்தான் உட்காரும். சில்லுக்குப் போகும் ஹெக்ஸ் கோப்பில் ஒரு பைட்கூட அதிகமாகாது. ஃபிளாஷ் வீணாகும் என்று பயந்து அதை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய பேர்.

ஓஎஸ்-ஆ, ஓ2-வா: முதலில் ஒரு கணக்கு

ஓஎஸ் என்றால் மெதுவான கோட் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஜிசிசியில் ஓஎஸ் என்பது ஓ2 செய்வதில் பெரும்பாலானவற்றைச் செய்து, கோடின் அளவைப் பெருக்கும் சிலவற்றை மட்டும் விட்டுவிடுவது: ஃபங்ஷன், லூப், தாவும் இடங்களின் தொடக்கத்தைச் சீரான முகவரிக்குத் தள்ளுவது போன்றவை. உள்ளே இழுத்துப் போடும் ஃபங்ஷன்களிலும் கை இறுக்கமாக இருக்கும். கணினியில் தெரியும் வேறுபாடு, கேஷ் இல்லாத சின்னச் சில்லில் அவ்வளவு தெரிவதில்லை. எஃப்103 சில்லில் 48 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஃபிளாஷுக்கு 2 காத்திருப்புச் சுழற்சிகள் வைக்க வேண்டும். கோட் நீண்டுகொண்டே போனால் எடுத்துவரும் வேலையும் கூடும்.

மோட்டார் பெட்டிக்குக் கணக்கு போடுவோம். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு, ஒரு சுற்றுக்கு 64 மாதிரி என்றால் விநாடிக்கு 3200 முறை. 72 மெகாஹெர்ட்ஸை 3200-ஆல் வகுத்தால், ஒரு முறைக்கு 22,500 சுழற்சிகள் கையில் இருக்கின்றன. ஆறு அளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டுவதற்குச் சில நூறு சுழற்சிகள் போதும். இங்கே ஓ2 போட்டு மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

அதே பெட்டியில் பேரிங் அதிர்வையும் பார்க்கச் சொன்னால் நிலைமை மாறும். 20 கிலோஹெர்ட்ஸில் மூன்று அச்சு, ஒவ்வொன்றுக்கும் 64 டேப் ஃபில்டர், அதாவது ஒரு விடைக்கு 64 பெருக்கிக் கூட்டல். ஒரு மாதிரிக்கு 3600 சுழற்சிகள், அதற்குள் 192 பெருக்கிக் கூட்டல். ஒன்றுக்கு 18.75 சுழற்சிதான். எடுப்பது, பெருக்குவது, லூப் எண்ணுவது, திரும்பத் தாவுவது எல்லாம் அதற்குள் அடங்கி, மோட்பஸுக்கும் இடம் விட வேண்டும். இங்கே அந்த ஃபில்டர் கோப்புக்கு மட்டும் ஓ2 கொடுப்பது நியாயம். மேக்ஃபைலில் அந்த ஆப்ஜெக்ட் கோப்பின் பெயரைப் போட்டு அதற்கு மட்டும் சிஃப்ளாக்ஸில் ஓ2-வைக் கடைசியில் சேர்த்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட ஓ வந்தால் ஜிசிசி கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷனின் தலையில் ஆப்டிமைஸ் ஆட்ரிபியூட் எழுதி மாற்றும் வழியும் உண்டு. அது டீபக்குக்குத்தான், களத்துக்குப் போகும் கோடுக்கு அல்ல என்று ஜிசிசி கையேடே சொல்கிறது.

எதையும் மாற்றுமுன் அளந்துவிடுங்கள். எஃப்103-இன் உள்ளே இருக்கும் கார்டெக்ஸ்-எம்3-யில் சுழற்சி எண்ணும் டிடபிள்யூடி கவுன்டர் இருக்கிறது. ஃபங்ஷனுக்கு முன்னும் பின்னும் படித்துக் கழித்தால் விடை. ஏவிஆரிலும் கார்டெக்ஸ்-எம்0-விலும் அது கிடையாது. ஒரு பின்னை ஏற்றி இறக்கி லாஜிக் அனலைசரில் பார்க்க வேண்டியதுதான்.

வேகத்தைக் கெடுப்பது பல நேரம் ஓ சுவிட்சே அல்ல. எஃப்103-க்கு எஃப்பியு (ஃப்ளோட் கணக்குக்கான வன்பொருள்) இல்லை. ஃப்ளோட் மாறியை 0.1 என்று பெருக்கினால், அந்த 0.1 சி மொழியில் டபுள். முழுப் பெருக்கலும் 64 பிட் மென்பொருள் கணக்காகிவிடும். எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்டால் 32 பிட்டில் முடிந்துவிடும். இதை ஓ3-ஆல்கூடத் திருத்த முடியாது. டபுள் ப்ரமோஷன் எச்சரிக்கையைப் போட்டால் எந்தெந்த வரி என்று காட்டிக்கொடுக்கும்.

ஓ3-க்கு இந்த இரண்டு பெட்டியிலும் வேலை இல்லை. ஓஃபாஸ்ட்டைத் தொடவே வேண்டாம். எண்ணே இல்லாத நிலை வராது என்று அது அடித்து நம்பிக்கொள்ளும். சென்சார் கழன்றால் ‘நான்’ (NaN, எண் அல்லாதது) மதிப்பு கொடுத்து, அதை ஒரு இஃப்-இல் பார்த்து மணி அடிக்கிற மாதிரி எழுதியிருந்தால், அந்த இஃப் அப்படியே காணாமல் போகும். டிரையர் சூடேறிக்கொண்டிருக்கும், மணி அடிக்காது.

ஜிசிசி 12-இலிருந்து ஓஇசட் உண்டு. வேகத்தை விட்டுக்கொடுத்து இன்னும் கொஞ்சம் சுருக்கும். ஓஎஸ்-இல் சில நூறு பைட் போதாமல் முட்டும்போது முயலலாம்.

லிங்கர் கழிப்பது: எல்லாருக்கும் முதல் படி

ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனி செக்ஷனாக்கும் சுவிட்ச், ஒவ்வொரு டேட்டாவையும் தனி செக்ஷனாக்கும் சுவிட்ச், லிங்க்கில் ஜிசி-செக்ஷன்ஸ்: இந்த மூன்றும் சேர்ந்தால் யாரும் அழைக்காதது ஹெக்ஸில் ஏறாது. எஸ்டி நிறுவனத்தின் ஹால் நூலகத்தை முழுதாகச் சேர்த்திருக்கும் எஸ்டிஎம்32 புராஜெக்டில் இதன் பலன் ஓ2-வுக்கும் ஓஎஸ்-க்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஒன்றே ஒன்று கவனம்: இன்டரப்ட் வெக்டர் டேபிளை எந்த ஃபங்ஷனும் அழைப்பதில்லை. லிங்கர் ஸ்க்ரிப்டில் கீப் போடாவிட்டால் அதையும் கழித்துவிடும், போர்டு உயிரே இல்லாமல் கிடக்கும்.

ஆர்ம் பக்கம், அதாவது எஸ்டிஎம்32-க்கு, நியூலிப்-நானோ என்ற சிறிய சி நூலகத்தையும் சேர்த்துவிடுங்கள். அதில் பிரின்ட்எஃப் தசம எண்ணை அச்சிடாது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், ஃபிளாஷ் கணிசமாகக் கூடும். வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துப் புள்ளியை நீங்களே போடுவதுதான் மலிவு.

ராம் வேறு கதை. ஓஎஸ் உங்கள் குளோபல் அரேக்களைச் சுருக்காது. ஏடிமெகா328பி-யில் சாதாரணமாக எழுதிய எழுத்துச் சரங்கள்கூட ஃபிளாஷிலிருந்து ராமுக்கு நகலாகின்றன. எல்சிடி செய்திகளே 2 கேபியில் நல்ல பங்கைப் பிடித்துக்கொள்ளும். ப்ரோக்மெம் போட்டு ஃபிளாஷிலேயே வைக்க வேண்டும். ஸ்டாக்கையும் பாருங்கள்: 200 பைட் பஃபர் வைத்திருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனைக் கம்பைலர் மெயினுக்குள் இழுத்துப் போட்டால், அந்த 200 பைட் மெயின் உள்ளவரை ஸ்டாக்கில் உட்கார்ந்திருக்கும். ஸ்டாக்-யூசேஜ் சுவிட்ச் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கணக்கெழுதிக் கொடுக்கும். பெரியதாகத் தெரியும் ஃபங்ஷனுக்கு நோஇன்லைன் போடுங்கள்.

‘ஓ0-வில் ஓடியதே’

ஆப்டிமைசேஷன் போட்டதும் நின்றுபோன நிரலில் கம்பைலர் பிழை இருப்பது மிக அரிது. பிழை கோடில் ஏற்கெனவே இருந்திருக்கும், ஓ0 அதை மூடி வைத்திருக்கும். மோட்டார் பெட்டியில் தவறாமல் வரும் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஆர்எஸ்-485-இல் அனுப்பும்போது டிரைவர் சில்லில் அனுப்ப அனுமதிக்கும் டிஇ பின்னை ஏற்ற வேண்டும், அனுப்பி முடிந்ததும் இறக்க வேண்டும். சீரியல் பகுதியான யுஏஆர்டி-யின் டிஎக்ஸ்இ கொடி எழுந்ததும் இறக்குவது வழக்கமான தவறு. அந்தக் கொடி சொல்வது ‘அடுத்த பைட் கொடுக்கலாம்’ என்பதைத்தான். கடைசி பைட் இன்னும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் பிட் பிட்டாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 9600 பாடில், 11 பிட் எழுத்துக்கு அது சுமார் 1.15 மில்லி விநாடி, அதாவது 72 மெகாஹெர்ட்ஸில் 82,500 சுழற்சிகள். அதைச் சமாளிக்க ஒரு வெற்று ஃபார் லூப் போட்டிருப்பார்கள். ஓ0-வில் அது ஓடும், மீட்டரும் பதில் சொல்லும். ஓஎஸ்-இல் எந்தப் பயனும் இல்லாத லூப் என்று கம்பைலர் நீக்கிவிடும். டிஇ முன்னதாகவே இறங்கும், பிழை சரிபார்க்கும் சிஆர்சி-யின் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும், மீட்டர் மௌனமாகிவிடும். மோட்பஸ் விதிப்படி சிஆர்சி தப்பான செய்திக்கு ஸ்லேவ் பதிலே சொல்லக் கூடாது. அதனால் எரர் செய்திகூட வராது. கம்பியை மாற்றி, 120 ஓம் ரெசிஸ்டரை மாற்றி நாள் போகும்.

லூப் மாறிக்கு வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்ற குறி) போட்டால் மறுபடி ஓடும்தான். ஆனால் கிளாக்கை மாற்றினால், கம்பைலர் பதிப்பை மாற்றினால் மறுபடி உடையும். சரியான வழி, எல்லா பிட்டும் வெளியே போனதைச் சொல்லும் டிசி கொடி எழும்வரை காத்திருந்து டிஇ-யை இறக்குவது. ஏவிஆரில் அதே வேலையை டிஎக்ஸ்சி0 செய்யும். ஓ எதுவானாலும் அது உடையாது.

இதே குடும்பத்தில் இன்னும் மூன்று. இன்டரப்டும் மெயினும் பகிரும் கொடிக்கு வோலடைல் இல்லாவிட்டால், மெயின் அதை ஒரே ஒரு முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும். 8 பிட் ஏவிஆரில் 16 பிட் எண்ணுக்கு வோலடைல் மட்டும் போதாது. பாதி படித்த நிலையில் இன்டரப்ட் வந்து மாற்றிவிடும், அடாமிக் பிளாக்குக்குள் படிக்க வேண்டும். மோட்பஸ் பஃபரின் நாலு பைட்டை ஃப்ளோட் பாயின்டராக மாற்றிப் படித்தால், ஓ2-விலும் ஓஎஸ்-இலும் கண்டிப்பான ஏலியாசிங் விதி (வேறு வேறு வகைப் பாயின்டர்கள் ஒரே இடத்தைத் தொடாது என்ற நம்பிக்கை) விழித்துக்கொள்ளும், பழைய மதிப்பு வரலாம். பைட் வரிசையைச் சரிசெய்து மெம்காப்பி செய்யுங்கள். கம்பைலர் அதை ஒரே லோடாகச் சுருக்கிவிடும், செலவு இல்லை.

எல்டிஓ: பலன் உண்டு, கட்டுப்பாடும் வேண்டும்

எல்டிஓ எல்லாக் கோப்புகளையும் லிங்க் நேரத்தில் ஒன்றாகப் பார்க்கும். ஒரு கோப்பில் உள்ள ஒற்றை வரி பின் ஃபங்ஷனை இன்னொரு கோப்பின் லூப்புக்குள் இழுத்துப் போடும். 32 கேபியில் முட்டி நிற்கும் ஏவிஆர் புராஜெக்டுக்கு இது நிஜமான உதவி.

ஆனால் தனிக் கோப்பில் இருக்கும் ஃபங்ஷனை அழைக்கும்போதெல்லாம் கம்பைலர் குளோபல் மாறிகளை மறுபடி படித்தாக வேண்டியிருந்தது. வோலடைல் மறந்த கோட் அந்தச் சுவரின் நிழலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்டிஓ சுவரை எடுத்துவிடும். முந்தைய பகுதியில் சொன்ன பிழைகள் ஓஎஸ்-இல் தப்பியிருந்தால் இங்கே வெளிவரும். அதனால்தான் டெலிவரிக்கு முந்தின வாரம் எல்டிஓ போடாதீர்கள் என்கிறோம். போடுவதானால் இப்படி:

கம்பைலிலும் லிங்க்கிலும் ஒரே ஓ, ஒரே எல்டிஓ சுவிட்ச். லிங்க்கை எல்டி வழியாக அல்லாமல் ஜிசிசி வழியாகவே செய்யுங்கள். ஆர்க்கைவ் கட்டினால் வெறும் ஏஆர் அல்ல, ஜிசிசி-ஏஆர். அசெம்பிளி ஸ்டார்ட்அப் கோப்பின் ஆப்ஜெக்டை லிங்க் வரிசையில் முதலில் வையுங்கள். அதிலுள்ள வீக் ஹேண்ட்லர்கள் (நீங்கள் எழுதாதபோது மட்டும் பயன்பட வேண்டியவை) உங்கள் இன்டரப்ட் ஃபங்ஷனை ஓரங்கட்டிவிடாமல் இருக்கும். பிறகு மேப் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு இன்டரப்ட் ஹேண்ட்லரும் உங்கள் கோப்பிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்அப்பை சி-யில் எழுதியிருந்தால் இன்னொன்று: நினைவகத்தைப் பூஜ்யமாக்கும் லூப்பைக் கம்பைலர் அடையாளம் கண்டு மெம்செட் அழைப்பாக மாற்றும். மெம்செட்டையே நீங்கள் எழுதியிருந்தால் அது தன்னைத் தானே அழைத்துக்கொண்டு ஸ்டாக் தீரும்வரை போகும். லூப்-டிஸ்ட்ரிப்யூட்-பேட்டர்ன்ஸை அந்தக் கோப்புக்கு அணைத்தால் சரியாகிவிடும். இது எல்டிஓ இல்லாமலும் வரும்.

மேக்கா, சிமேக்கா?

நீங்கள் எழுதிய ஓ நிஜமாகவே கம்பைலருக்குப் போகிறதா என்பது தனிக் கேள்வி. மேக் கோப்புகளின் நேரத்தை மட்டும் பார்க்கும். சிஃப்ளாக்ஸில் ஓ0-வை ஓஎஸ்-ஆக மாற்றி மறுபடி மேக் கொடுத்தால் பழைய ஆப்ஜெக்டுகள் அப்படியே இருக்கும். பாதி ஓ0, பாதி ஓஎஸ் என்று ஒரு ஹெக்ஸ் வரும். மேக்ஃபைலையே ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் சார்பாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது ஓ மாற்றும்போதெல்லாம் மேக் கிளீன்.

சிமேக் நிஞ்ஜாவோடு சேர்ந்தால் கட்டளை மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி கம்பைல் செய்யும். அதன் கண்ணி வேறு இடத்தில். பில்ட் டைப் கொடுக்காவிட்டால் எந்த ஓ-வும் போகாது, அதாவது ஓ0. ரிலீஸ் என்றால் ஓ3; நமக்கு வேண்டிய ஓஎஸ் மின்சைஸ்ரெல்லில் இருக்கிறது. நீங்கள் பொது சி ஃப்ளாக்ஸில் ஓஎஸ் எழுதி, பில்ட் டைப்பை ரிலீஸாக விட்டால், ரிலீஸின் ஓ3 பின்னால் வந்து உங்களுடையதை அடித்துவிடும். ரிலீஸ், மின்சைஸ்ரெல் இரண்டும் என்டீபக்கையும் சேர்ப்பதால் அசர்ட்டுகள் மறையும். அசர்ட்டுக்குள் சென்சாரைத் தொடங்கும் அழைப்பை எழுதியிருந்தால் அந்த அழைப்பும் போய்விடும்.

இரண்டு போர்டு, பத்துப் பன்னிரண்டு கோப்பு என்றால் மேக் போதும். என்ன நடக்கிறது என்பது கண் முன்னாலேயே இருக்கும். ஒரே கோடை மூன்று நான்கு சில்லுக்குக் கட்ட வேண்டிய கட்டம் வந்தால் சிமேக்குக்கு மாறலாம். எதுவானாலும் ரெக்கார்ட்-ஜிசிசி-ஸ்விட்சஸ் போட்டுவிடுங்கள். எல்ஃப் கோப்புக்குள்ளேயே எந்தச் சுவிட்சில் கட்டியது என்று பதிவாகும், ரீட்எல்ஃபில் படித்துக்கொள்ளலாம்.

ஆர்ம் சில்லுக்கு கிளாங் கம்பைலரையும் நினைக்கலாம். அதன் ஓஇசட் நன்றாகச் சுருக்கும். ஆனால் ஸ்டார்ட்அப், லிங்கர் ஸ்க்ரிப்ட், சி நூலகம் மூன்றையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டிவரும். 64 கேபியில் இடம் மிச்சம் இருக்கும்போது அந்த உழைப்பு தேவையில்லை.

பேட்டரியில் ஓடும் பெட்டி, ஊரணி நீர்மட்டம் பார்ப்பது போன்றது, செய்தால் ஓ2 போட்டுச் சீக்கிரம் முடித்துத் தூங்கவைக்கலாம் என்று தோன்றும். டிஎஸ்18பி20 ஒன்று இருந்தால் அதற்குக் காத்திருக்கும் 750 மில்லி விநாடிதான் பேட்டரியைத் தின்கிறது; கணக்கு சில மில்லி விநாடிகூட இல்லை. அந்தக் காத்திருப்பில் சில்லைத் தூங்கவைப்பது எந்த ஓ-வையும்விட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

ஆலைக்கு அனுப்பிய ஒவ்வொரு ஹெக்ஸோடும் அதே பில்டின் எல்ஃப், மேப், கம்பைலர் பதிப்பு எண் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஹார்ட்ஃபால்ட் வந்து திரையில் ஒரு முகவரி காட்டினால், ஆட்ர்2லைன் என்ற கருவி அதைக் கோப்பும் வரியுமாக மாற்றித் தரும், அதே எல்ஃப் இருந்தால் மட்டும். மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், கம்பைலர் பதிப்பு ஒன்று மாறியிருந்தாலே முகவரிகள் நகர்ந்து வேறு ஃபங்ஷனைக் காட்டும்.